சித்தப்பாவின் தோளுக்கு இரண்டு கோட்டு

சித்தப்பாவின் தோள்வலி கிரீமுக்கு ஏன் கேட்கவில்லை என்பது, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று விளங்கியது. வாயில் நுரையோடு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். துப்பிவிட்டு வா என்றாள். துப்பிவிட்டு வருவதற்குள், அம்மாவிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பதும் விளங்கிவிட்டது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மண்ணூர்பேட்டையில் எங்களோடுதான் அப்பாவின் தம்பியும் இருந்தார். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புக் கதவுகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் வேலை. நான்கு வருடமாகக் கான்ட்ராக்ட். அன்றைக்கு மேனேஜர் முன்னால் ஒரு கதவை முழுதாக அடித்துக் காட்ட வேண்டும். கை தொய்யாமல், பெயிண்ட் வழியாமல் அடித்துவிட்டால் வேலை நிரந்தரம். ஆனால் ஒரு வாரமாக அவருடைய வலது கை தோளுக்கு மேலே ஏறவில்லை. தினமும் மெந்தால் கிரீம் தடவிக்கொள்வார். வீடே புதினா மிட்டாய் மாதிரி மணக்கும். வலி மட்டும் அப்படியே இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தால் அவர் தொழிலைப் பற்றித்தான் பேசுவார். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காத இரும்பில் பெயிண்ட் பிடிக்காது. ஒரு கோட்டு போதாது, இரண்டு வேண்டும். இரும்புக்குப் பதில் தோள், பெயிண்டுக்குப் பதில் கிரீம் என்று வைத்துப் பார்க்க வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எமரி பேப்பர் கொஞ்சம் அதிகம் என்று எனக்கே பட்டது. குளியலறையில் பீர்க்கங்காய் நார் இருந்தது.

"சித்தப்பா, இன்னிக்கு நான் தேச்சு உடறேன்."

"என் கண்ணு!" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் நாரால் வட்ட வட்டமாகத் தேய்த்தேன்.

"இன்னா பாப்பா பண்ற? நான் இன்னா ஈயக் குண்டானா?"

"அழுக்கு போனாத்தான் புடிக்கும். ஆடாதீங்க."

தோல் நன்றாகச் சிவந்ததும் முதல் கோட்டு. காய்வதற்காக நோட்டுப் புத்தகத்தால் விசிறினேன். இரண்டாவது கோட்டுக்கு, டியூபில் மிச்சமிருந்த அத்தனையும்.

"ஜில்லுனு கீது" என்றார். சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டும்போது அவர் முகம் மாறியது.

"ஐயோ அண்ணி! நெருப்ப வெச்ச மாறி கீது!"

குழாயடிக்கு ஓடினார். தண்ணீர் பட்டதும் இன்னும் துள்ளினார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வலது கையை உடம்பில் ஒட்டாமல் உயரத் தூக்கியபடி, யாருக்கோ டாட்டா காட்டுகிறவர் போலத் தெருவில் நடந்து போனார். கை தோளுக்கு மேலே ஏறியிருந்தது! வாசலில் நின்று நான் குதித்தேன்.

சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். வேலை நிரந்தரம். "கடைசி வரிக்கும் கை எறங்கவே இல்ல. எல்லாம் பாப்பா கைராசி" என்று முதல் ஜாங்கிரியை என் வாயில் திணித்தார்.

பிறகு சமையலறைக்குப் போய் சட்டையைக் கழற்றினார். அம்மா அவர் தோளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கையை இறக்கினால் சட்டை உரசி உயிர் போயிருக்கும், அதனால்தான் இறக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியப் பல வருடமானது. அன்று என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்.

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி."

எனக்குச் சைக்கிள் வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்தால், எதிர் வீட்டு ஆட்டோ மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, காலைல எத்தினி மணிக்கு வண்டி எடுப்பீங்க?"

"ஏழு மணிக்கு. இன்னா பாப்பா, ஸ்கூலுக்கு வரியா?"

"இல்ல மாமா. ஆறரைக்கு சட்டையக் கழட்டிட்டு ரெடியா இருங்க."