நாற்பது கதவுகள்

ஒரகடம் கூட்டுரோட்டில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் பேருந்து ஒரு மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இராணுவ இசைப்பள்ளி வாத்தியார் ஒருவர். மடியிலிருந்த கிளாரினெட் பெட்டியின் மூடிமேல் அவர் விரல்கள் ஓயாமல் வாசித்தபடி இருந்தன. பள்ளியை இந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம்.

“இன்னா சார், புது எடம் வசதிதானா?”

“ஆளுக்கொரு ரூமு. சத்தம் வெளிய வராது. பழைய எடத்துல ஆளுக்கொரு மரத்தடி. நடுவுல உக்காந்துகினே எவன் தப்பா ஊதுறான்னு சொல்லிடுவேன். இனிமே நாப்பது கதவையும் தொறந்து தொறந்து பாக்கணும்.”

“வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

“ஒருத்தன் சத்தம் இன்னொருத்தனக் கெடுக்குதுன்னு எழுதி எழுதிக் கேட்டதே நான்தாம்பா.”

நான் வேலை செய்யும் கார் கம்பெனி பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கும் இரைச்சலுக்கு இயர் பிளக்கைச் செருகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், இப்போது எத்தனையாவது கதவில் நிற்கிறாரோ.