மல்லிகா அக்கா கேட்ட கேள்வி

என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். கோவில்பத்து வீட்டில் தனியாக இருக்கும் நான், போன வருடம் மாடியில் ஓர் அறை கட்டத் தொடங்கினேன். "பிளான் அப்ரூவல் வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டவர் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மட்டும்தான்.

"பாத்துக்கலாம்க்கா" என்றேன். வயிற்றெரிச்சலில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

தளம் போட்ட மறுவாரமே, அனுமதியில்லாத கட்டடம் என்று அதிகாரிகள் வந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அக்காதான் என்மேல் புகார் மனு போட்டிருப்பார் என்று நானே முடிவுகட்டி, பேச்சை நிறுத்திவிட்டேன். தினமும் மதில் ஓரம் நின்று "சாப்பிட்டியா?" என்று கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் அவர். சில மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

விசாரணைக்குப் போனபோது, "யாரு சார் மனு கொடுத்தா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"யாரும் கொடுக்கலைங்க. ரோட்டுல போறப்ப நாங்களே பாத்ததுதான்."

பக்கவாட்டில் விதிப்படி விட வேண்டிய காலி இடத்தை விடாததால் அறையை இடித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் தெருவில் யார் மணல் இறக்கினாலும், அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று போய்க் கேட்கிறேன். போன வாரம் எதிர்வீட்டுப் பெண்ணிடமும் கேட்டேன்.

"பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.