சீலைக்கு இந்தப்பக்கம்

கல்முனைக்குடியில் சபியா உம்மா பயப்படாத நாளென்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். கிணற்றை மூடியாயிற்றா என்று பாயிலிருந்து எழும்பிப் போய்ப் பார்ப்பாள். அடுப்பு அணைந்ததா என்று சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் ஊர்ப் பயத்தையெல்லாம் தனியாளாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் தன் வீட்டுக் கூரை பறந்து போனதைக் கண்ணால் கண்டவள், பிறகு எதைத்தான் நம்புவாள்?

அப்படிப்பட்டவளைத்தான், புயலடித்து மூன்றாம் வருஷம், கொழும்புக்குக் கானிவல் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

யோசனை மருமகன் பளீலுடையது. மூத்த மகள் றம்ஸியாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே வந்து குடியிருந்தான். வேன் ஓட்டுவது அவன் தொழில். புதுப்பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ராட்டினத்தில் ஏற்றத்தான் அவன் ஆசைப்பட்டான். மாமனார் கச்சிமுகம்மது விடுவாரா? வலைக்கயிற்றுக் கடையை அடைத்துவிட்டு, "நாங்களும் வாறம் மகன். மரணக் கிணத்துக்குள்ள மோட்டச்சைக்கிள் ஓடுறத எனக்கும் பாக்கோணும்" என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். சின்ன மகள் ஹாஜறா அதற்கு முன்பே வேனில் ஏறியிருந்தாள். பாவம் புதுமாப்பிள்ளை.

சபியா உம்மாவுக்குப் பாதையை நினைத்தாலே பயம். அதற்குமேல் இன்னொரு சங்கடமும் இருந்தது. மாமி மருமகன் முன்னால் வந்து நிற்பதில்லை, நேரே கதைப்பதும் இல்லை. கலியாணம் முடிந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் அவனோடு ஒரு சொல் கதைத்தவளில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, "மகள், இன்னும் கறி வெக்கவா எண்டு கேளு" என்பாள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பளீல், "போதுமெண்டு சொல்லுங்க" என்பான். றம்ஸியா நடுவில் நின்று சிரிப்பாள். ஆனாலும் கறி வந்துவிடும். வாயால் காட்ட முடியாத அன்பையெல்லாம் சபியா உம்மா அவன் பீங்கானில்தான் கொட்டினாள்.

இப்போது ஒரே வேனுக்குள் ஒரு பகல் முழுக்க இருக்கவேண்டும். பழைய சீலையொன்றை எடுத்து முன்சீட்டுக்குப் பின்னால் குறுக்கே கட்டினாள். "காத்து வராம நாங்க அவிஞ்சு போகப்போறம்" என்று கச்சிமுகம்மது முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். எதிரில் லொறி வரும்போதெல்லாம் சபியா உம்மா ஆயத்துல் குர்ஸியை முதலிலிருந்து ஓதினாள். அம்பாறை தாண்டியதும் றம்ஸியாவுக்குச் சத்தி, குடித்த தேத்தண்ணியெல்லாம் வெளியே வந்தது. மகாஓயாவில் மருந்துக்கடையில் குளிசை வாங்கி விழுங்கக் கொடுத்தார்கள். மகியங்கனையில் ஆற்றோரம் நிறுத்தி, நடுப்பகல் லுஹர் தொழுது, கட்டிவந்த புரியாணியை அவிழ்த்தார்கள். பளீலின் பங்கில் இறைச்சி குவிந்திருந்தது. அதற்குமேல் இனிப்புக்கு வட்டிலப்பம் வேறு. "ஓட்டுறவரு நல்லாத் தின்னட்டும்" என்று மகளின் காதில் சொன்னாள்.

மலையேறும் பதினெட்டு வளைவுப் பாதை தொடங்கியது. முதலாவது வளைவிலேயே கச்சிமுகம்மதுவின் குறட்டை கேட்டது. குளிசையின் மயக்கத்தில் றம்ஸியா தாயின் தோளில் சாய்ந்துவிட்டாள். ஹாஜறா மறுபக்கத்தில் சுருண்டு கிடந்தாள். சபியா உம்மா மட்டும் விழித்திருந்தாள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சி.

காற்றில் சீலை விலகியது. இடைவெளியில் பின்பக்கம் பார்க்கிற வேன் கண்ணாடியும் அதற்குள் பளீலின் கண்களும் தெரிந்தன. மருமகனின் முகத்தைப் பார்ப்பதா என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அடுத்த வளைவில் மனம் கேட்காமல் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள் மூடியிருந்தன.

வேன் சில்லு பாதையோரக் கல்லில் ஏறிக் கரகரத்தது. பளீல் திடுக்கிட்டு வேனை நடுவுக்குத் திருப்பினான். சபியா உம்மா முன்சீட்டை எட்டிப் பிடித்தாள். யா அல்லாஹ், நான் போட்ட சோறல்லவா இவனைத் தூங்கவைக்கிறது? மகளின் தொடையில் கிள்ளினாள். "ம்" என்று ஒரு முனகல்தான் வந்தது. சீலைக்கு ஊடாகப் புருஷனின் முதுகில் குத்தினாள். "ஹாஜறாட வாப்பா, எழும்புங்க." அந்த மனிதர் கண்ணைத் திறக்காமலே, "பாத்துப் போங்க மகன்" என்றுவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார்.

கண்ணாடியில் இமைகள் மறுபடியும் இறங்கின. கத்தினால் பயந்து வேனைப் பள்ளத்தில் விட்டுவிடுவானே என்று நினைத்தாள். மெதுவாகத்தான் கூப்பிடவேண்டும், அதுவும் அவள்தான் கூப்பிடவேண்டும். சீலை இடைவெளிக்கு வாயைக் கொண்டுபோனாள்.

"மகன்."

கண்கள் திறந்தன. "மாமியா?"

"ரோட்டப் பாருங்க. உங்களுக்கு நித்திர வருது. ஓரமா நிப்பாட்டுங்க."

"இதுக்குள்ள நிப்பாட்ட இடமில்ல மாமி. பின்னால பஸ்ஸும் வருது."

"அப்ப நான் கதைச்சிக்கிட்டு வாறன். நீங்க ஓம் சொல்லிக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டாள். ஆனால் மருமகனிடம் எதைக் கதைப்பது? வாயில் வந்தது புயல்தான். "கூர போன உடன புள்ளயள் ரெண்டையும் மர வாங்குக்குக் கீழ தள்ளிட்டன். மேலால நான் படுத்துக்கிட்டன்."

"ஓம் மாமி."

"அண்டைக்கு எனக்குப் பயமே வரல்ல மகன். அடுத்த நாள் விடிஞ்ச பொறகுதான் வந்திச்சி. வந்தது இன்னும் போகல்ல."

இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. யார் கேட்டார்கள்? பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள், அவ்வளவுதான். பளீல் ஓம் சொல்ல மறந்துபோனான். ஆனால் கண்கள் நன்றாக விழித்திருந்தன.

"மாமி, நானும் ஒண்டு சொல்லவா? நான் இந்த மலையால ஓடுனதே இல்ல. ஓடியிரிக்கன் எண்டு மாமாக்கிட்டப் பொய் சொல்லிட்டன். பயத்துல நேத்து ராவு முழுக்க ஒரு கண் மூடல்ல."

வேறு நாளாக இருந்தால் சபியா உம்மா அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பாள். இன்று என்னவோ நெஞ்சு இலேசாகியது. அந்த வீட்டில் பயப்படுவதற்கு இன்னொரு ஆளும் இருக்கிறது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். மெதுவாப் போங்க. நான் முழிச்சிரிக்கன்."

மலையுச்சியில் தேத்தண்ணிக் கடையோரம் வேன் நின்றதும் கச்சிமுகம்மது சோம்பல் முறித்தார். "வளைவெல்லாம் முடிஞ்சா? மருமகன் கெட்டிக்காரன்தான்."

"றம்ஸியா, மாமிக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளுங்க" என்றான் பளீல்.

"வேணுமாம் எண்டு சொல்லு" என்றாள் சபியா உம்மா சீலைக்குப் பின்னாலிருந்து.

கொழும்பில், கானிவலில் கச்சிமுகம்மது மரணக் கிணற்றை எட்டி எட்டிப் பார்த்தார். ராட்டினத்தில் மகளும் மருமகனும் உச்சிக்குப் போனார்கள். ஹாஜறா கைதட்டினாள். கீழே நின்ற சபியா உம்மாவுக்கு ராட்டினம் ஒரு பொருட்டாகவே இல்லை. ஏறிய மலையை இறங்கவேண்டுமே என்பதிலேயே அவள் மனம் கிடந்தது.

திரும்பி வருகையில், மலையுச்சியைத் தொடுமுன்னே கச்சிமுகம்மது தூங்கிவிட்டார். ஹாஜறாவும் தூக்கம். ஆனால் சத்தியெல்லாம் தீர்ந்து, றம்ஸியா கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கதையளந்தாள். "மெல்ல என்னத்துக்கு உருட்டுறீங்க மச்சான்? பழகின ரோட்டுத்தானே, சுறுக்கா விடுங்களன்."

பெண்சாதி முன்னால் எந்த மாப்பிள்ளை பயத்தைக் காட்டுவான்? வேன் வேகமெடுத்தது. கண்ணாடியில் பளீலின் கண்கள் சீலை இடைவெளியைத் தேடி ஒருதரம் வந்து போயின. சபியா உம்மா அந்தப் பார்வையை அறிவாள், அது அவளுடைய பார்வைதான். ஆனால் மகள் விழித்திருக்கும்போது எப்படி வாயைத் திறப்பது? மாமியும் மருமகனும் நேரே கதைக்கிறார்களாம் என்று விடியுமுன் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

"மகள், மடியில தலைய வெச்சிக் கொஞ்சம் நித்திர கொள்ளு."

"எனக்கு நித்திர வரல்லயே உம்மா."

"கொள்ளு எண்டா கொள்ளன் புள்ள."

தாயின் குரலில் அப்படியொரு அதட்டலை றம்ஸியா கேட்டதே இல்லை. பேசாமல் படுத்தாள். சபியா உம்மா முக்காட்டு நுனியால் மகளின் கண்களை மூடி, மேலே கையையும் வைத்தாள். அவள் தூங்கினாளோ, தூங்குவதுபோல் கிடந்தாளோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

முதலாவது வளைவு எதிரே தெரிந்தது. சபியா உம்மா மற்றக் கையால் சீலையை நன்றாக விலக்கினாள்.

"மகன், மெதுவாப் போங்க. நான் முழிச்சிரிக்கன்."