மக்காச்சோளம் ஏறிய டவுன் பஸ்

போன ஞாயிற்றுக்கிழமை, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து மக்காச்சோளம் அள்ளினேன். யார் வீட்டுச் சோளம்? அள்ளுவதற்குச் சற்று முன்புவரை எனக்கும் தெரியாது.

இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ரோட்டில் தானியம் காயவைப்பவர்களை இதே இடத்தில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்? பாதி ரோட்டை அடைத்துக்கொள்கிறார்கள், ஓரத்தில் வரிசையாகக் கல்லை வைக்கிறார்கள், இருட்டினதும் அந்தக் கல்லில் பைக்கில் வருகிறவர்கள் மோதி விழுகிறார்கள்... அந்தத் திட்டு அப்படியே நிற்கிறது. ஒரு வார்த்தைகூட வாபஸ் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கச்சிராயபாளையத்தில் சித்தப்பா பேத்திக்கு மாலையில் நிச்சயதார்த்தம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி - சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் மட்டும் வருகிற வலி அது. அதனால் கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் பிடித்து நான் மட்டும் கிளம்பினேன். சித்திரை வெயில். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. இருந்தாலும் ஜன்னல் சீட்டை விடவில்லை. வானத்தைப் பார்க்க வேண்டுமே!

வானத்தில் என்ன? ஒரு வாசகி கேட்டிருந்தார், பகலெல்லாம் வெயில் கொளுத்திய அதே நாளில் சாயங்காலம் இடியும் மின்னலும் எங்கிருந்து வந்து குதிக்கின்றன என்று. பதில் எழுதலாம் என்று படிக்க ஆரம்பித்தவள், அதிலேயே மூழ்கிவிட்டேன். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு முழுக்க மேகம்தான். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று முதலில் பார், அப்புறம் வானத்தைப் பார்க்கலாம் என்பது வீட்டுக்காரரின் கருத்து.

பஸ் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது கல்வராயன் மலைக்கு மேலே கொஞ்சம் பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல இருந்த மேகம், பாதி வழிக்குள் காலிஃபிளவராகப் பூத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் தலை தட்டையாகி, ஒரு பக்கமாக விரிய ஆரம்பித்தது. எனக்கு உள்ளே குறுகுறுவென்றது. படித்ததெல்லாம் ஜன்னலில் ஓடுகிறதே!

படித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் பெரும்பாலும் காற்றை நேராகச் சுடவைப்பதில்லை. தரையைச் சுடவைக்கிறது, தரை காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறும். வெறுங்கையோடு ஏறாது. அணைத் தண்ணீர், கரும்புத் தோட்டத்து ஈரம் என்று கிடைக்கிற நீராவியை எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறும். மலைச் சரிவு இருந்தால் இன்னும் வசதி, பிடித்துத் தள்ளிவிடும். மேலே போகப்போகக் குளிர். நீராவி துளியாகிறது, மேகம் பிறக்கிறது. துளியாகும்போது தன்னிடமிருந்த சூட்டை வெளியே விடுவதால், காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது.

அந்த உயரத்தில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி மோதி மின்சாரம் சேர்கிறது. அது பாய்ந்தால் மின்னல். மின்னல் போன வழியில் காற்று ஒரே நொடியில் கொதித்து வெடிக்கிற சத்தம்தான் இடி. கடைசியில் துளிகள் கனத்து விழும்போது மேலிருக்கும் குளிர்காற்றையும் சேர்த்துக் கீழே இழுத்து வருகின்றன. அந்தக் காற்று தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும். மழையை முந்திக்கொண்டு ஓடும்... இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் சடாரென்று நின்றது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர். எங்கள் பக்கத்து ரோடு முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மஞ்சளாக மக்காச்சோளம். ஓரத்தில் கல் வேறு. டிரைவர் ஹாரனை அழுத்தினார், கண்டக்டர் சத்தம் போட இறங்கினார். நானும் இறங்கினேன். திட்டுவது என் தொழில், சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

ஒரு பெண் பலகையால் சோளத்தைக் குவித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கக்கா. மழ வந்துக்கினு இருக்குது. கொட்டி வெக்க எங்களுக்குக் களம் இல்ல."

பெயர் செல்வி. இத்தனை வருஷமும் கணவன் மனைவி இரண்டு பேரும் கூலிக்குப் போனவர்கள். அடுத்தவர் சோளத்தை ஒடித்து, உதிர்த்து, மூட்டை கட்டி வண்டியில் ஏற்றியவர்கள். இந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தாங்களே விதைத்திருக்கிறார்கள். விளைந்தது மொத்தமும் இதோ இந்தத் தார் ரோட்டில் கிடக்கிறது. நனைந்தால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குத்தகை போதும் என்று மறுபடி கூலிக்கே போக வேண்டியதுதான். தள்ளிக்கொண்டே சொன்னாள். நான் திட்ட வைத்திருந்ததை எல்லாம் ஒத்திவைத்தேன்.

அப்போதுதான் காற்று வந்தது. சாதாரணக் காற்றா? புளியமரம் வளைந்தது. புழுதி கண்ணை மறைத்தது. தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு கரும்புக்குள் போய் விழுந்தது. (டொர்னடோ என்பது இதன் பெரிய அண்ணன். மேகமே சுழன்று, அந்தச் சுழல் தரைவரைக்கும் இறங்குவது. நம் பக்கம் அது அபூர்வம், கும்பிடு போட்டுக்கொள்வோம்.)

செல்வியின் புருஷன் ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுத்து வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"காத்து கெளம்பிடுச்சு. இனிமே மேகம் கலைஞ்சிடும், வுடு."

கண்டக்டர் ஆமாம் போட்டார். ஜன்னலில் இருந்த தலைகளும் ஆமாம் போட்டன. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது. சாயங்காலம் காற்று அடிக்கும், மேகம் பிரிந்துபோகும். அந்தப் பக்கம் எல்லோரும் நம்புகிற கணக்கு அது. செல்வியின் புருஷன் தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். செல்வியும் பலகையைப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

நான் செல்விக்கு முன்னால் போய் நின்றேன். உப்புக் கம்மி என்று சொல்லி வீட்டில் என் வாயை அடைக்கலாம். இங்கே யார் அடைப்பது?

"செல்வி, இந்த ரோட்டு மேல கால வெச்சா சுடுதா?"

"சுடாம இன்னாக்கா?"

"அப்ப இது மேல வர்ற காத்தும் சுடணுமே. ஏன் சில்லுனு இருக்கு? இது மேகத்தக் கலைக்க வந்த காத்து இல்ல. மழை பெய்ற எடத்துலேர்ந்து ஓடி வர்ற காத்து. பின்னாலயே மழை வருது."

அவள் தன் கையைப் பார்த்தாள். வியர்வை காய்ந்து ரோமம் சிலிர்த்துக்கொண்டிருந்தது. மலையைப் பார்த்தாள். பாதி மலையைக் காணோம், மழை மறைத்திருந்தது. குனிந்து பலகையை எடுத்து, புருஷனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "எந்திரி."

பிறகு பஸ்ஸைப் பார்த்தாள். கேட்க வேண்டியே இருக்கவில்லை.

சர்ச்சுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள், வெள்ளைப் புடவையோடு. அப்புறம் பஸ்ஸே இறங்கியது. டிராக்டர்காரர் குதித்து வந்தார். ஒருவர் குவிக்க, ஒருவர் முறத்தில் வார, ஒருவர் சாக்கைப் பிடிக்க... முறம் கிடைக்காதவர்கள் டிபன்பாக்ஸ் மூடியால் அள்ளினார்கள். கண்டக்டர் டிக்கெட் பையைச் சீட்டில் போட்டுவிட்டு மூட்டை வாயைக் கட்ட உட்கார்ந்தார். நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்த மனிதர் இவர்தான்!

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அப்படியென்றால் அது கிட்டே வருகிறது. டிரைவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வெட்டவெளியில் இனி யாரும் நிற்கக் கூடாது, மரத்தடிக்கும் போகக் கூடாது, எல்லோரும் பஸ்ஸுக்குள் வாருங்கள் என்று விடாமல் ஹாரன் அடித்தார். மூட்டைகளை என்ன செய்வது? டிராக்டரில் கரும்பு நிறைந்திருந்தது. தார்ப்பாயை நம்ப முடியாது.

"பஸ்ல ஏத்துங்க" என்றார் கண்டக்டர்.

ஏற்றினோம். படியில், நடுவில், சீட்டுக்கடியில், என்ஜின் பெட்டி மேல். கடைசியாகக் கல்லோரம் ஒரு குவியல் பாக்கி. சாக்கு தீர்ந்துவிட்டது. நான் முந்தானையை விரித்தேன். காஞ்சிபுரம் பட்டு, வருஷத்துக்கு ஒருமுறை பீரோவை விட்டு வெளியே வருவது. அதில் வாரிக் கட்டிக்கொண்டு ஓடினேன். போகிற போக்கில் அந்தக் கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கதவு சாத்தியதும் மழை விழுந்தது. கூரை அதிர்ந்தது. எங்கேயோ பக்கத்திலேயே இடி இறங்கியது. இரும்புக்கூடு போல மூடியிருக்கிற பஸ்ஸுக்குள் இருக்கும்வரை பயமில்லை. எல்லோரும் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தோம். வெறும் ரோடு. கறுப்பாக, காலியாக, தண்ணீர் ஓடுகிற ரோடு. ஒரு கைப்பிடி சோளம்கூட மழைக்குக் கிடைக்கவில்லை. யாரோ கை தட்டினார்கள், பஸ் முழுக்கத் தட்டியது. சொல்ல வெட்கம் எதற்கு? எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்வராயன் மலையே திரட்டி அனுப்பிய படையை ஒரு டவுன் பஸ் ஜெயித்துவிட்டது.

செல்வி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"இத்தினி வருசமா ஊர்ல இருக்கறவங்க சோளத்ததான் நான் மூட்ட கட்டிக்கினு இருந்தேன். இன்னிக்கி ஊரே என் சோளத்த கட்டிக் குடுத்துடுச்சு."



அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றபோது மழையும் நின்றிருந்தது. எல்லோருமாக மூட்டைகளை இறக்கினோம். லக்கேஜ் டிக்கெட் பற்றிக் கண்டக்டர் மூச்சே விடவில்லை. நான் முந்தானையை அவிழ்த்துக் கூடையில் கொட்டினேன். (கொசுவத்துக்குள் ஒளிந்திருந்த மிச்சம், நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு மாற்றும்போது மேடையில் உதிர்ந்தது. அது தனிக் கதை.)

பஸ் கிளம்பும்போது செல்வி ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"யக்கா, நாளைக்கி வெய்யில் அடிக்குமா? இன்னும் ஒரு காய்ச்சல் காயணும்."

அடிக்கும் என்றேன். மத்தியானத்துக்குள் அள்ளிவிடு என்றேன். எங்கே காயவைப்பாய் என்று மட்டும் கேட்கவில்லை.