முகம் போன மாதா

அவித்த கொண்டைக்கடலையில் தேங்காய்ப்பூவைத் தூவிக் கிளறும்போது எழுகிற வாசனைதான் எனக்கு அக்டோபர் மாதம். ஈப்போவை அடுத்த கோப்பெங் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், ஜெபமாலை மாதம் பிறந்துவிட்டால், கோயிலில் இருக்கும் மாதா சுரூபம் நாளுக்கு ஒரு கத்தோலிக்க வீடாக விருந்துக்குக் கிளம்பிவிடும். மாதா வருகிற வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மேசைக்கு வெள்ளைத் துணி விரிப்பார்கள், சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லி முடித்ததும் பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை கொடுப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் மாதாவின் பின்னால் போனோமா, கடலையின் பின்னால் போனோமா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்போம். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

ஜெபமாலையை நடத்துகிறவர் என் அப்பா. அவரும் மற்றவர்களைப் போலப் பால்மரம் வெட்டுகிற தொழிலாளிதான், ஆனால் ஈப்போவிலிருந்து ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார் என்பதால் மற்ற நாள்களுக்கெல்லாம் அப்பாதான் எங்களுக்கு "உபதேசியார்". மாதா மன்றாட்டு மாலையை அவர் புத்தகம் பார்க்காமல் சொல்லுவார். அதுவும் எப்படிப்பட்ட வேகத்தில் என்றால், அவர் மாதாவின் ஒரு பட்டப்பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக இருப்போம். "ஒங்க அப்பா ஆரம்பிச்சா லோரி எறக்கத்துல எறங்குற மாதிரிலா, பிரேக்கே கெடையாது" என்று பின்வரிசை வீட்டு மாமா ஒருவர் சொல்வார். அது புகார் இல்லை, பாராட்டு. விடிவதற்கு முன்பே வேலைக்கு ஆள் எடுக்கும் "பெரட்டில்" போய் நிற்க வேண்டியவர்களுக்கு நீட்டி முழக்குகிற உபதேசியார் சரிப்பட்டு வரமாட்டார்.

எங்களுக்கு அடுத்த வீடு செல்லம்மாக்காவுடையது. அவர்கள் இந்துக் குடும்பம், மாரியம்மன் கோயில் திருவிழாவில் வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவள் அவள். அவளுடைய மூத்த மகள் வாசுகிக்கு என் வயது. ஜெபமாலை முடிகிற நேரம் பார்த்து எங்கிருந்தாவது ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் கடலைக்குக் கை நீட்டுகிறவள் அவள்தான். அந்த வருஷம் அக்டோபரில் வாசுகி வரவில்லை. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். செல்லம்மாக்கா பகலெல்லாம் மகளோடு இருந்துவிட்டு, வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது யார் விசாரித்தாலும் "அப்படியேதான் இருக்கு" என்பாள்.

ஒருநாள் சுரூபம் எங்கள் வீட்டில் இருந்தது. மறுநாள் அது போக வேண்டிய வீட்டுக்காரர்கள் சித்தியவானில் ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். எப்படியோ அதைத் தெரிந்துகொண்டு செல்லம்மாக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு மாதா சும்மாதான இருக்கும்? எங்க வீட்டுக்கு வரட்டுமே."

அப்பாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. ஞானஸ்நானம் வாங்காத வீட்டுக்குச் சுரூபம் போகிற வழக்கம் கிடையாது, மாதா சபைக்காரர்கள் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அதுக்கு மொறைன்னு ஒன்னு இருக்குலா, தங்கச்சி" என்று இழுத்தார்.

அடுப்படியிலிருந்த அம்மா தலையை நீட்டாமலே சொன்னாள்: "மொறைய அப்புறம் பாத்துக்கலாம். புள்ள ஆஸ்பத்திரில கெடக்கு. தூக்குங்க."

மறுநாள் சாயங்காலம் செல்லம்மாக்கா வீட்டில் நாங்கள் போய் ஜெபமாலை சொன்னோம். அப்பாவின் லோரி வழக்கம்போல இறங்கியது. செல்லம்மாக்காவுக்கு எங்கே என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாது. கைகூப்பியபடி, ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் இறங்கியவளைப் போல நின்றாள். எல்லாம் முடிந்து அப்பா சிலுவை அடையாளம் போட்டதும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சாண்ணே? இனிமே நான் பேசலாமா?"

பிள்ளைகள் நாங்கள் சிரித்துவிட்டோம். அப்பா அவளைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார், பிறகு "பேசு, பேசு" என்று சொல்லி, ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"லயம்" என்று நாங்கள் சொல்லும் அந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரைவரை போகாது, அதனால் அடுத்த வீட்டுச் சண்டையும் குறட்டையும் நமக்கும் சேர்த்துத்தான். அன்றைக்கு அவள் பேசியது முழுவதும் எங்களுக்குக் கேட்டது. "அவளுக்கு ஊசின்னா பயம், குத்துற நேரம் நீ கொஞ்சம் பக்கத்துல நின்னுக்க தாயி. நான் ஊட்டுனாத்தான் கஞ்சி குடிப்பா, நான் இல்லாதப்ப நீ ஊட்டிரு. மொகத்தத் திருப்புவா, விட்றாத." வேண்டுதல் மாதிரியே இல்லை. வெளியூர் போகிற தாய், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுச் சொல்லுகிற மாதிரி இருந்தது. அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். அப்பா சாப்பிட்டார், ஆனால் அன்றைக்கு மெதுவாகச் சாப்பிட்டார்.

காலையில்தான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்த அம்மனை வந்தபடியே திருப்பி அனுப்பக்கூடாது என்று, செல்லம்மாக்கா மாதாவை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, துணியால் அழுத்தித் துடைத்து, பொட்டு வைத்திருந்தாள். கற்சிலை என்று நினைத்துவிட்டாள். அது சாந்தில் வார்த்து வர்ணம் பூசிய சுரூபம். முகத்து வர்ணம் துணியோடு வந்துவிட்டது. ஒரு கண் இல்லை, உதடு இல்லை, நீல மேலாடையின் மடிப்புகளிலெல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. நடு நெற்றியில் குங்குமம் மட்டும் வட்டமாக, அழகாக இருந்தது.

மாதா சபைக்காரர்கள் கொதித்தார்கள். செல்லம்மாக்கா, "நல்லா இருக்கட்டும்னுதான் குளுப்பாட்டுனேன், நல்லா இருக்கட்டும்னுதான்" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். வார்த்தைக்குப் பஞ்சமில்லாத என் அப்பா அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று, "நான்தான் குடுத்தேன், என்னையக் கேளுங்க" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வந்த ஃபாதர் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் புதுச் சுரூபம் வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சை முடித்தார். பழையது எங்கள் வீட்டு அலமாரியின் மேல் ஏறியது. "முகம் போன மாதா" என்று பிள்ளைகள் நாங்கள்தான் அதற்குப் பேர் வைத்தோம்.

அந்த மாதம் முடிவதற்குள் வாசுகி இறந்துபோனாள். மாதாவின் முகத்தைக் கெடுத்ததால் வந்த வினை என்று தோட்டத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்கள் எல்லோருமே மன்றாட்டு மாலையை ஒரு சொல் பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள்.

அடுத்த அக்டோபரில் செல்லம்மாக்கா மறுபடியும் வந்து நின்றாள். புதுச் சுரூபத்தை அவள் கேட்கவில்லை. அலமாரியின் மேல் கையைக் காட்டினாள். அப்பாவால் நம்ப முடியவில்லை.

"ஒனக்குக் கோவம் இல்லியா, தங்கச்சி?"

"இல்லாம என்னண்ணே, நெறைய இருக்கு. அதையும் இதுகிட்டத்தான சொல்லணும்." எங்கள் சுவரில் மாட்டியிருந்த, இறந்த மகனை மாதா மடியில் கிடத்தியிருக்கும் பழைய காலண்டர் படத்தைப் பார்த்தாள். "கேட்டதக் குடுக்கல. அதுக்காகப் பேச்ச நிறுத்திற முடியுமா? இதுவும் புள்ளையப் பறிகுடுத்த பொம்பளதான."

அப்பா தானே நாற்காலி போட்டு ஏறிச் சுரூபத்தை இறக்கிக் கொடுத்தார். அதிலிருந்து, தோட்டம் இருந்தவரை, வருஷத்தில் ஒருநாள் முகம் போன மாதா அடுத்த வீட்டுக்குப் போய் வந்தது. அந்த வீட்டில் மட்டும் அப்பா ஜெபமாலையை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மற்ற வீடுகளில் லோரி பழையபடிதான்.

இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் ஒரே மாதிரி வீடுகள் அடுக்கிய தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. கோயில் இருந்த மேட்டில் கார் கழுவுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். முகம் போன மாதா ஈப்போவில் என் வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் நிற்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கணவர் பக்கவாதம் வந்து உள்ளறையில் படுத்திருக்கிறார். நான் கோயிலில் வாசகம் வாசிக்கிறேன், எங்கள் வட்டாரத்து ஜெபக் கூட்டத்தை நடத்துகிறேன், அப்பாவின் வேகம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது என்று பழைய ஆள்கள் சொல்கிறார்கள். கணவருக்குக் கஞ்சி ஊட்டும்போதும் "அருள் நிறைந்த மரியே" வாயில் ஓடிக்கொண்டிருக்கும். எந்த மணியில் இருக்கிறேன் என்றும் தெரியாது, அவர் விழுங்கினாரா என்றும் சில நேரம் தெரியாது. இப்படித்தான் நாள்கள் போகின்றன.

போன மாதம் செல்லம்மாக்கா வந்தாள். ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருக்கிறாள், அன்றைய கைக்குழந்தைதான் அந்த மகன். மகனோடு டாக்டரிடம் கண்ணைக் காட்ட ஈப்போவுக்கு வந்தவள் அப்படியே எங்களையும் பார்க்க வந்தாள். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கூடத்துக்கு வந்தவள் சுரூபத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன தாயி, நல்லாருக்கியா? இம்புட்டுத் தூசியா ஒம்மேல" என்று முந்தானையால் துடைத்தாள், இந்த முறை அழுத்தாமல். மடிப்புகளில் அந்த மஞ்சள் இன்னும் இருந்தது.

"பேசுறியா பாப்பா, இதுகிட்ட?"

"தெனமும் ஜெபமாலை சொல்றேன்க்கா."

"அது தெரியும்லா, ஒங்க அப்பா மகதான நீ. பேசுறியான்னு கேட்டேன்."

நான் தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை, குடித்துவிட்டு மகனோடு கிளம்பிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் கணவர் தூங்கிய பிறகு, வழக்கம்போல ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தேன். சிலுவை அடையாளம் போட்டேன். வாய் தானாகத் தொடங்கப் போனது, அதை நிறுத்தி, ஜெபமாலையை மேசைமேல் வைத்தேன். பேசத் தெரியாதவள் போலக் கூச்சமாக இருந்தது.

"முடியலம்மா" என்றேன். "அலுத்துப் போச்சு. இவரப் பாக்குறதும் அலுத்துப் போச்சு, ஒங்கிட்ட வந்து ஒக்காருறதும் அலுத்துப் போச்சு."

சொன்ன பிறகு பயமாக இருந்தது. மாதா மீதியிருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி இருந்தாள். உள்ளறையில் அவர் இருமும் சத்தம் கேட்டது, தண்ணீர் கொடுக்க வேண்டும். எழுந்தேன், இரண்டடி போனவள் திரும்பி, "இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.