கோமதி அக்கா செய்தது தொண்டு அல்ல

கோமதி அக்கா உறக்கத்திலேயே போய்விட்டார் என்று ஷிப்ரா பௌதிதான் காலையில் தொலைபேசியில் சொன்னார். அன்று அழுதேன். கோபம் வந்தது ஞாயிற்றுக்கிழமை, நம் தமிழ்ச் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில். "லாபம் பாராமல் தொண்டு செய்த தாய்" என்றார் தலைவர். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அவரிடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன். இங்கே பவானிபூரில் கடை போட்டு, சிகிச்சைக்கு வேலூர் போகும் வங்காளிக் குடும்பங்களுக்கு ரயில், அறை, கூடவே வந்து மொழிபெயர்க்க ஆள் என்று எல்லாம் ஏற்பாடு செய்து, அதற்குக் கட்டணம் வாங்கிய வியாபாரி அவர்.

அக்காவின் பக்கத்து வீட்டு வங்காளி ஷிப்ரா; பௌதி, அதாவது அண்ணி, என்றே அழைப்போம். அவர் நோயாளிக் கணவரோடு வேலூர் போயிருந்தார். மொழி தெரியாதவர்கள் என்று கண்ட ஒரு தரகர், டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி, விடுதிக் கமிஷனுக்காக அவர்களை அங்கேயே உட்கார வைத்தார். சிகிச்சை தள்ளிப்போனது; கணவர் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் அக்கா கடை தொடங்கினார். பௌதியையே முதல் ஊழியராக அமர்த்தினார். "பாவம்னு ஆரம்பிச்சா சீக்கிரம் அலுத்துடும். எனக்கு வந்தது ஆத்திரம். அது அலுக்காது" என்பார்.

முதலில் சங்கத்தின் முன்னறையைத்தான் வாடகைக்குக் கேட்டார். கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் சம்பளம் வரும்போது உனக்கெதற்கு வியாபாரம் என்று கேட்டவர் இதே தலைவர். இலவச சேவை என்றால் அறையைச் சும்மாவே தருவாராம். அக்கா மறுத்தார். "சும்மா செஞ்சா, நான் தப்பு பண்ணினாலும் யாரும் கேக்க மாட்டாங்க. காசு வாங்கினா சட்டையைப் பிடிச்சுக் கேப்பாங்க."

வேறிடத்தில் கடை வளர்ந்தது. அதைப் பார்த்து எதிரில் ஒருவர் அதே தொழிலைத் தொடங்கினார். விடுதிகள் தரும் கமிஷன்தான் அவர் குறி. அவரிடம் ஏமாந்தவர்கள் அடுத்த பேட்டையான பாலிகஞ்ச் வரை போய்ச் சொன்னார்கள்; அவர் கடை மூடிக்கொண்டது. அக்காவைத் தேடியும் கமிஷன் வந்தது. அவர் தொடவில்லை. இதில் தியாகம் எங்கே இருக்கிறது? நல்லபடியாகத் திரும்பியவர்கள் அடுத்தவரை அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டார். அனுப்பினார்கள். எங்கள் வீடுகளில் அடுப்பெரிந்தது அதில்தான்.

கூட்ட முடிவில் தலைவர், அக்கா நினைவாகக் கடையை இலவச மையமாக்கலாம் என்றார். எங்களுக்குச் சம்பளம் யார் தருவார் என்று எழுந்து கேட்டேன். இறந்தவருக்கு மரியாதை கொடு என்றார். அதுவரை குனிந்திருந்த அக்காவின் கணவர் நிமிர்ந்தார். "கடைச் சாவி ஷிப்ராகிட்ட இருக்கு. அவங்க நடத்துவாங்க, கட்டணத்தோட" என்றார்.

மறுநாள் திறந்தோம். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

தாய், தெய்வம், தொண்டர் எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு சொல் போதும். கோமதி அக்கா யார் என்று கேட்டால், என் முதலாளி என்பேன்.