மூன்றாவது கோப்பைக்கு வந்தவர்

இது நடந்தது. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அகஸ்ரீனா எப்போதோ உருப்பட்டிருப்பாள். அவள் வாயால் வந்ததைத்தான் சொல்கிறேன். மன்னார்க்காரி. கணவன் செத்த பிறகு அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. பயம்கூட.

போன தவக்காலம். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் ஒரு வீட்டில் அவள் பார்த்துக்கொண்ட கிழவர் ரிஃபாத், நோவி பசார்க்காரர். துருக்கியர் ஆண்ட காலத்தில் அந்தப் பக்கம் சஞ்சாக் என்றொரு மாவட்டம். இன்று பாதி செர்பியாவில், பாதி மொண்டெநேக்ரோவில். மாவட்டம் ஒழிந்து நூறு வருடமாகியும், ஊர் எது என்று கேட்டால் மனுசன் "சஞ்சாக்" என்றுதான் சொல்வார். அண்ணன் ஹம்சா அங்கே மலையில் ஆடு வளர்த்தார். தம்பியான இவர் ஊராரைப் போல ஜீன்ஸ் தைத்து, விற்க வந்த இடத்தில் தங்கிவிட்டார்.

கோப்பி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு பேர் குடித்தால் மூன்று கோப்பை ஊற்ற வேண்டும். ஒன்று, வரக்கூடிய விருந்தாளிக்கு.

இப்போது நெஞ்சு வருத்தத்தோடு கட்டிலில் கிடந்தார். மகள் சமீரா சஞ்சாக்கிலிருந்து வெள்ளிக்கிழமை விமானத்தில் வருவதாக இருந்தது. "நான் வருமட்டும் அப்பாவைப் பிடிச்சு வைச்சிருங்கோ" என்று ஃபோனில் அழுதிருந்தாள். அகஸ்ரீனா ஓம் என்றாள்.

வியாழன், பின்னேரம் நாலு மணி. ஆப்பிரிக்கக் காற்றில் வீடு வெந்துகொண்டிருந்தது. குசினியிலிருந்து வந்தவளின் மூக்கில் அடித்தது... ஈரக் கம்பளி நாற்றம்.

கட்டிலருகே, மூன்றாவது கோப்பையின் முன்னால் ஒருவர் இருந்தார்.

சப்பாத்தில் பனி. உருகவில்லை.

கதவுச் சங்கிலி போட்டபடியே இருந்தது.

"என்ரை அண்ணன்," என்றார் ரிஃபாத். "பயணம் சொல்ல வந்தவன்."

ணங்... கோப்பை தட்டில் உட்கார்ந்தது. வந்தவர் எழுந்தார்.

நாம் யாரையும் 'போங்கோ' என்று அனுப்புவதில்லையே. அவள் வாய் தானாகச் சொன்னது, தமிழில்.

"போயிட்டு வாங்கோ."

அவர் நின்றார். திரும்பினார். தலையசைத்தார்.

பிறகு... யாருமில்லை.

"அவனுக்கு என்ன சொன்னனீ?" என்றார் ரிஃபாத். அவள் இத்தாலியனில் அர்த்தம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவன் தனியப் போகத்தான் வந்தவன், பிள்ளை."

வெள்ளிக்கிழமை சமீரா வரவில்லை.

நாலு மணி. மறுபடியும் கம்பளி நாற்றம்...

ரிஃபாத் போய்விட்டார்.

சமீரா ஞாயிறுதான் வந்து சேர்ந்தாள். ஏன் பிந்தியது என்று அகஸ்ரீனா கேட்டாள்.

"வியாழன் நாலு மணிக்குப் பெரியப்பாவுக்கு மூச்சு நிண்டிட்டுது. துணியாலையும் மூடிட்டம். பிறகு கண் முழிச்சார். அவரை விட்டிட்டு எப்பிடி வாறது? டிக்கெட்டை மாத்தினன். அடுத்த நாள் அதே நேரம் போயிட்டார்."



"முழிச்ச உடனை ஒண்டு சொன்னவர்," என்றாள் சமீரா. "தம்பி வீட்டிலை ஒரு பொம்பிளை திரும்பி வரச் சொன்னவவாம்... போகாட்டி மரியாதை இல்லையாம்."